மேசையிலிருந்து எழுந்தவள்

எங்கள் நாட்டில் இரண்டாம் தாரமாக ஒரு வீட்டுக்குப் போகிறவள் கிறிஸ்துமஸுக்கு முன்பே ஓடிவிடுவது நல்லது. இதை ராத்மிலாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை தொலைக்காட்சியில் அந்தத் தேவதைக் கதைப் படம் வரும். அம்மா இல்லாத பெண், கொடுமைக்காரச் சித்தி, பனி, குதிரை, அரண்மனையில் நடனம். பால்குடிக் குழந்தையைத் தவிர எல்லோருக்கும் வசனம் மனப்பாடம். சித்தி மூக்குடைபடும் இடம் வந்தால் எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பும் ஒரே நேரத்தில் சிரிக்கும், சுவர்கள் அவ்வளவு மெல்லிசு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு சித்தி சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பதென்றால் அதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

ராத்மிலாவுக்கு அது கிடையாது. வாய் பெரிசு, மனசு பூஞ்சை. பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் எனக்குத் தெரியும். ரயில் ஓட்டுகிற போஹுமிலை அவள் கட்டிக்கொண்டது ஒரு கோடையில். போஹுமிலின் முதல் மனைவி மிலாதா இறந்து அப்போது ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. ஒரு அக்டோபர் காலையில் மிலாதா ரொட்டிக் கடை வரிசையில் நின்றபடியே சரிந்து விழுந்தாள், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவள் விட்டுப்போன பெண் யோஹானாவுக்கு இப்போது பத்து வயது. ராத்மிலாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நீங்க, வாங்க என்றுதான் பேசுவாள், தபால் அலுவலகத்தில் பேசுவதைப் போல.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது போஹுமில் சதுக்கத்தில் தொட்டி வைத்து மீன் விற்கிற தொட்டிக்காரரிடம் ஒரு கெண்டை மீனை உயிரோடு வாங்கி வந்து குளியல் தொட்டியில் விட்டார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சேற்று வாடை போக நல்ல தண்ணீரில் நீந்தட்டும், விருந்தன்று அடித்துப் பொரிக்கலாம் என்பது கணக்கு. குழந்தைகள் அதற்குள் மீனுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள், அதுவும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யோஹானா வைத்த பெயர் இளவரசர். தொட்டி விளிம்பில் முழங்கை ஊன்றி அதனிடம் பள்ளிக்கூட விஷயமெல்லாம் பேசினாள். இரண்டாம் நாளே அப்பாவிடம் வாக்கு வாங்கிவிட்டாள், இளவரசரை அடிக்கக் கூடாது, விருந்துக்கு முன்னால் ஆற்றில் கொண்டுபோய் விட வேண்டும் என்று. போஹுமில் யாருக்கும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். சரி என்று தலையாட்டிவிட்டு ரயில் ஓட்டப் போய்விட்டார்.

ராத்மிலாவுக்கு இது தெரியும். யோஹானாவே சொல்லியிருந்தாள். ஆனால் ராத்மிலா பிறந்தது மீன் குளங்கள் சூழ்ந்த ஊரில். இலையுதிர் காலத்தில் குளத்தை வற்றவைத்து வலை இழுக்கிற குடும்பம். குளத்தில் வளர்ந்த கெண்டையைக் குளிர்காலத்து ஆற்றில் விட்டால் அது வசந்தத்தைப் பார்க்காது என்பது அவளுக்குச் சிறு வயதிலேயே தெரிந்த விஷயம்.

"ஆத்துல விட்டாலும் அது சாகத்தான் போகுது. கொழுத்த மீன இப்படி வீணாக்குவாங்களா?" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

"உனக்கு என்ன வந்துச்சு? அப்பனும் மகளும் பேசி வெச்சுக்கிட்டது, நீ வாய மூடிக்கிட்டு இரு" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள், இருபத்து மூன்றாம் தேதி காலை வரை. அன்று போஹுமில் வேலைக்குப் போயிருந்தார். தொலைக்காட்சியில் மறுநாள் வரப்போகும் படத்தின் முன்னோட்டம் ஓடியது. யோஹானா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அந்தப் படத்துல புடிச்சதே கடைசில சித்தி அசிங்கப்படுற எடம்தான்."

"எனக்கும்தான்" என்று ராத்மிலா சிரித்தாள்.

"உங்களுக்கு எப்படிப் புடிக்கும்?"

குழந்தை வேண்டுமென்றே சொன்னாளா, வெகுளியாகக் கேட்டாளா என்று ராத்மிலாவால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. யோஹானா பாடகர் குழு ஒத்திகைக்குக் கிளம்பிப் போனாள். ராத்மிலா குளிக்கப் போனாள். தொட்டியில் மீன். சட்டியில் தண்ணீர் காய்ச்சி நின்றபடி மேலுக்கு ஊற்றிக்கொள்கிற நான்காவது நாள் அது. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. 'உனக்கு எப்படிப் பிடிக்கும்' என்று அதுவும் கேட்பதாக அவளுக்குத் தோன்றியதாம். சமையலறைக்குப் போய் மரச் சுத்தியலை எடுத்து வந்தாள். கைப்பழக்கம் உள்ளவள், ஒரே அடி.

"கோவத்துல செஞ்சேன்னு சொன்னாக்கூடப் பரவால்ல. மனசுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு பாரு, அதுதான் என்னைக் கொல்லுது" என்று பின்னால் ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். நடந்தது எல்லாம் அவள் வாயால் கேட்டதுதான். கேட்காததை என் காதே சுவர் வழியாகப் பிடித்தது.

நிம்மதி செதில் உரிக்கும் வரைகூடத் தாங்கவில்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தபோது கையெல்லாம் ரத்தம், ஒத்திகை முடிகிற நேரம். தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். துண்டங்களைச் செய்தித்தாளில் சுற்றி உறைபெட்டியில் பட்டாணிப் பைகளுக்கு அடியில் தள்ளினாள். தலையையும் சினையையும் மட்டும் வெளியே வைத்தாள். கிறிஸ்துமஸ் சூப்புக்கு மீன் தலை வேண்டும். அதைத் தூக்கிப்போட அவள் கை வரவில்லை. இவ்வளவு பாவம் பண்ணியும் வீணாக்கக் கூடாது என்ற புத்தி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை பாருங்கள்.

யோஹானா வந்து காலித் தொட்டியைப் பார்த்தாள்.

"அப்பா நடுவுல வந்தாரு. வேலைக்குத் திரும்பிப் போற வழியில ஆத்துல விட்டுட்டாரு. உனக்காகக் காத்திருக்க நேரமில்ல, சாயங்காலம் ஆனா ஆறு ஓரமெல்லாம் ஒறைஞ்சிடும்னு" என்றாள் ராத்மிலா.

"என்னை விட்டுட்டா?" என்று குழந்தையின் உதடு பிதுங்கியது. பிறகு, "நல்லா நீந்திப் போச்சாமா?" என்று கேட்டாள்.

"வால ஆட்டிக்கிட்டுப் போச்சாம்."

வாலை ஆட்டிக்கொண்டு என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? பொய் சொல்கிறவர்களுக்கு அதுதான் வியாதி. மாலையில் போஹுமில் வந்ததும் வாசலிலேயே மடக்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் வெகுநேரம் பனிக் காலணியைக் கழற்றிக்கொண்டே நின்றார். கடைசியில், "சரி, நான்தான் விட்டேன்" என்றார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர் என்று சொன்னேனே.

மறுநாள் மாலை முதல் நட்சத்திரம் தெரிந்ததும் மூவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கு சாலட், பொரித்த இறைச்சி, முதலில் மீன் சூப். விருந்தின்போது நடுவில் யாரும் மேசையை விட்டு எழக் கூடாது என்பது இங்கே வழக்கம். எழுந்தவர் அடுத்த கிறிஸ்துமஸில் மேசையில் இருக்க மாட்டார் என்பார்கள். அதனால் சமைத்தவள் எல்லாப் பாத்திரத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கிக்கொண்டுதான் உட்காருவாள். பெரியவர்கள் பாதி விளையாட்டாகத்தான் நம்புவார்கள், ஆனாலும் எழ மாட்டார்கள்.

"சூப்பு நல்லா இருக்கு" என்றாள் யோஹானா. வந்ததிலிருந்து ராத்மிலாவின் சமையலை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. "தலை எங்க வாங்கினீங்க?"

"தொட்டிக்காரர்கிட்ட" என்றாள் ராத்மிலா. போஹுமில் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்போது நான் என் வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டேன். எப்போதும் சத்தம் கூட்டித்தான் வைப்பேன். படத்தின் இசை சுவரைத் தாண்டி அவர்கள் மேசைக்குப் போயிற்று. பேச்சை மாற்ற வழி கிடைத்த சந்தோஷத்தில் போஹுமில் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"ஆரம்பிச்சுட்டாங்களே. இரு, போட்டுட்டு வர்றேன்."

"எந்திரிக்காதீங்கப்பா" என்று யோஹானா கத்தினாள். அந்தக் கத்தல் எனக்கே கேட்டது. போஹுமில் பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குழந்தை இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"என்ன கண்ணு, அதெல்லாம் சும்மா சொல்றது."

"சும்மா இல்ல. அம்மா எந்திரிச்சாங்க. நான்தான் எழுப்பினேன். படம் ஆரம்பிச்சுடுச்சு, போடுங்க போடுங்கன்னு நச்சரிச்சேன். நீங்கதான் வேணாம்னு சொன்னீங்க. அம்மா சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போய்ப் போட்டாங்க. அடுத்த கிறிஸ்துமஸ் அவங்க இல்ல."

போஹுமிலுக்கு அந்த மாலை நினைவே இல்லை. அவர் மறந்து தொலைத்த ஒரு நிமிடத்தை இந்தக் குழந்தை மூன்று வருடமாக நெஞ்சில் வைத்துத் தூங்கியிருக்கிறது.

"ஆனா இப்போ கொஞ்சம் பரவால்ல" என்று யோஹானா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதுக்குத்தான் இளவரசர விடச் சொன்னேன். என்னால ஒரு உயிர் போச்சு, என்னால ஒண்ணு பொழச்சுதுன்னா சாமி கொஞ்சம் விட்டுக்கொடுப்பாருல்ல?" சொல்லிவிட்டுக் கரண்டியை சூப்பில் விட்டாள். சினை உருண்டை ஒன்று கரண்டியில் வந்தது.

"அதக் குடிக்காத" என்றாள் ராத்மிலா.

யோஹானாவின் கரண்டி பாதியில் நின்றது.

"மீன அப்பா விடல. அவரு வரவே இல்ல. நான் அடிச்சேன். இந்தத் தலை அதோட தலைதான்." அவள் இதற்கு மேல் சாக்குச் சொல்லவில்லை. குளத்து மீன் ஆற்றில் பிழைக்காது என்ற அவளுடைய நியாயம் நாக்கு நுனி வரை வந்ததாம். விழுங்கிவிட்டாள். அந்த ஒன்றுக்காகத்தான் நான் இன்னும் அவளோடு பேசுகிறேன்.

யோஹானா கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தாள். அழவில்லை. அவள் முகம் பெரியவர்கள் முகம் ஆகிவிட்டது என்றாள் ராத்மிலா.

"எந்திரிங்க."

"யோஹானா" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா. எந்திரிங்க ராத்மிலா."

ராத்மிலா எழுந்தாள். குழந்தைக்குப் பாடம் சொல்லவும் இல்லை, மூடநம்பிக்கையை உடைக்கவும் இல்லை. தனக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றியது, எழுந்தாள், அவ்வளவே. மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்று நிமிர்ந்தபோதுதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். கோபம் அங்கே இல்லை. தான் இரண்டாம் முறையும் அதையே செய்துவிட்டோம் என்ற பயம் மட்டும் இருந்தது.

"உக்காருங்க" என்றாள் யோஹானா. "உக்காருங்க, உக்காருங்க, நான் சொல்லல, நான் சொல்லவே இல்ல." நாற்காலியிலிருந்து எழாமலே கையை நீட்டி ராத்மிலாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

ராத்மிலா உட்கார்ந்தாள், ஆனால் எழுந்தது எழுந்ததுதானே. மீனைக் கொன்றது பெரிய பாவம் என்று அதுவரை நினைத்திருந்தாள். அதைவிடப் பெரியதை இப்போது ஒரு நொடியில் செய்து முடித்திருந்தாள். குழந்தையின் தலையில் இன்னொரு சாவை ஏற்றிவிட்டாள்.

"அடுத்த வருஷம் இதே நாற்காலில நான் உக்காந்திருப்பேன்" என்றாள்.

"நெஜமாவா?"

"நெஜமா."

இப்படி ஒரு வாக்கை எந்த முட்டாளாவது கொடுப்பாளா? நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கொடுத்துவிட்டாள். அந்த வருடம் அந்த வீட்டில் யாரும் படம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் குடியிருப்பே பார்த்தது. ஜனவரியில் யோஹானா பள்ளிக்குப் போகும் முன் பனி உறைந்த வாசல் படிக்கட்டில் மணல் தூவினாள், ராத்மிலா வழுக்கிவிடக் கூடாதாம். தெருவைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். ராத்மிலா வேலை பார்த்த மருந்துக் கடைக்கு மதிய இடைவேளையில் போன் செய்து, "இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். கோடையில் ஏரிக்குப் போனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடவில்லை. ரொட்டிக் கடை வரிசையில் நிற்கவே விடவில்லை, ரொட்டி வாங்குவது தன் வேலை என்று எடுத்துக்கொண்டாள்.

கட்டிடத்தில் எல்லோருக்கும் ஒரே பூரிப்பு. "பெத்த பொண்ணுகூட இப்படிப் பாத்துக்காது, குடுத்து வெச்சவ நீ" என்று மாடிப்படியில் பார்க்கிறவர்களெல்லாம் ராத்மிலாவிடம் சொன்னார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

"பாசம்னு நெனைக்கிறாங்க" என்று என்னிடம் சொன்னாள். "அது பயத்துல செய்யுது. ராத்திரி வந்து மூச்சு இருக்கான்னு பாத்துட்டுப் போகுது. எனக்கு அது பக்கத்துல வந்து நிக்கிறது எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? அதுக்காகவே நான் கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருக்கேன். எவ்வளவு கேவலம்."

"அந்த எழவு வழக்கமே பொய்யின்னு எடுத்துச் சொல்லு."

"சொல்லாமலா? 'அப்பாவும் அதான் சொன்னாரு, ஆனா அம்மா இல்லையே'ன்னு கேக்குது."



மிலாதா போன மாதமான அக்டோபர் வந்தது. போஹுமில் அந்த மாதம் முழுக்க வீட்டில் சத்தமே போடாமல் நடப்பார். அந்த மாதம் பார்த்தா ராத்மிலாவுக்கு நெஞ்சில் சளி கட்ட வேண்டும்? இருமல், பிறகு காய்ச்சல், பிறகு நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யோஹானா பள்ளிக்குப் போக மாட்டேன் என்று ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் சாப்பாடு கொண்டுபோனேன், தொடவில்லை.

"பாட்டி, நான் 'எந்திரிங்க'ன்னு சொன்னப்போ நெஜமாவே அவங்க சாகணும்னு நெனச்சேன்" என்றாள். "அம்மா விஷயத்துலயாவது தெரியாம சொன்னேன். இது தெரிஞ்சே சொன்னது."

அவள் தோளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே ராத்மிலா மருந்தோடு மல்லுக்கட்டினாள். சாக எனக்கு உரிமையே கிடையாது என்று காய்ச்சலில் டாக்டரிடம் சண்டை போட்டாளாம். டாக்டர் சிரித்துக்கொண்டே, "யாரும்மா உங்கள சாகச் சொன்னது?" என்று கேட்டார். அதைக் கேட்டு அவள் அழுத அழுகையில் நர்ஸ் ஓடி வந்தாள். நவம்பர் பிறந்ததும் இளைத்துப்போய் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குப் போஹுமில் மீன் வாங்கவில்லை. பட்டாணி சூப்தான். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எதிர்பாராத விருந்தாளிக்கென்று ஒரு தட்டு எப்போதும் அதிகமாக வைப்போம், அந்தத் தட்டுக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். ராத்மிலா அதே நாற்காலியில் இருந்தாள். அவள் உட்காரும் வரை யோஹானா நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்ந்த பிறகு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சூப்பு ஆறியது.

"சாப்பிடு" என்றாள் ராத்மிலா.

"இருக்கீங்க" என்றாள் யோஹானா.

"இருக்கேன்."

"எந்திரிச்சும் இருக்கீங்க."

"ஆமா."

குழந்தை அதை மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது எங்களுக்குத் தெரிந்தது. மேல் மாடிக்காரர் தொலைக்காட்சியைப் போட்டார். படத்தின் இசை கூரையிலிருந்து இறங்கியது.

"அப்போ அம்மா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

ராத்மிலா எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'அம்மா போனது உன்னால இல்ல' என்று ஒரு வருடமாகச் சொல்லத் துடித்ததை அப்போதும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாளாம்.

யோஹானா கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் மேசையில் ஊன்றினாள். எழுந்தாள். தடுக்கப் போன போஹுமிலின் கையை நான் மேசைக்கு அடியில் இறுக்கிப் பிடித்தேன். குழந்தை அறையைக் கடந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டாள். திரையில் பனி கொட்டியது. அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லல. நானாத்தான் எந்திரிச்சேன்" என்றாள்.

பிறகு வந்து உட்கார்ந்து, மிலாதா செத்த நாளிலிருந்து அழாத அழுகையை ராத்மிலாவின் மடியில் அழுது தீர்த்தாள்.